5 சீட்டா, 7 சீட்டா? கார் புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



முதல் கார் வாங்கப் போனா மைலேஜ் கேட்போம், கலர் கேட்போம், சன்ரூஃப் இருக்கான்னு கேட்போம். "எத்தனை சீட்?"ங்கிற கேள்விக்கு மட்டும் யோசிக்காமலே பதில் வந்துடும். "ஊருக்குப் போனா அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் வருவாங்க. ஏழு சீட்டே போட்டுடுங்க சார்."

மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே வசனத்தைத்தான் பேசினேன். கார் வந்ததுக்கு அப்புறம் ஒரு வேலை செஞ்சேன். மூணாவது வரிசையில ஆள் உட்கார்ந்த ஒவ்வொரு நாளையும் மொபைல்ல குறிச்சு வெச்சேன். முதல் வருஷத்துல மொத்தம் 9 நாள். அதுல 2 நாள் பக்கத்து வீட்டுப் பசங்களை ஸ்கூல்ல விட்டது!

முதல்ல பாடி ஸ்டைல். கூரை பின்பக்கம் வரைக்கும் நீண்டு, டிக்கியும் உள்ளேயே சேர்ந்திருக்கிற வண்டிதான் வேகன். பலேனோ ஆல்டுரா, இண்டிகோ மரீனான்னு நம்ம ஊர்லயும் வந்துச்சு, யாரும் பெருசா கண்டுக்கல. இன்னைக்கு அந்த வேலையை உயரமான பெட்டி மாதிரி வண்டிங்க செய்யுது. அஞ்சு பேருக்கு வேகன் ஆர், நாலு மீட்டருக்குள்ளேயே ஏழு பேருக்கு ட்ரைபர், கொஞ்சம் நீளமா எர்டிகா, அதே குடும்பத்துல ஆறு சீட்டோட எக்ஸ்எல்6.

இந்த "நாலு மீட்டர்" வெறும் பார்க்கிங் விஷயம் இல்ல, வரி விஷயம். 2025 செப்டம்பர் 22-லிருந்து, 4 மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18%. இதுல ஏதாவது ஒரு கோட்டைத் தாண்டினாலும் 40%. வரிக்கு முந்தைய விலை 6 லட்சம்னு வெச்சுக்குங்க. சின்ன வண்டி 7.08 லட்சத்துக்கு வரும். பெரிய வண்டி 8.40 லட்சம். ட்ரைபர் முதல் பக்கம். எர்டிகா 4.4 மீட்டர் நீளம், 1462 சிசி, அதனால ரெண்டாவது பக்கம்.

தமிழ்நாட்டுல வண்டி பதிவு பண்றவங்களுக்கு இன்னொரு கோடு இருக்கு, ஷோரூம்ல இதை யாரும் அழுத்திச் சொல்ல மாட்டாங்க. 2023 நவம்பர்ல மாத்தின ஆயுள்கால சாலை வரிப்படி 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13%, 10-லிருந்து 20 லட்சம் வரைக்கும் 18%. வருமான வரி மாதிரி தாண்டின தொகைக்கு மட்டும் இல்ல, முழு விலைக்கும் 18%. 9.80 லட்சம் வண்டிக்கு வரி 1,27,400 ரூபாய். "இன்னும் 60 ஆயிரம்தானே சார், மேல் வேரியன்ட் போயிடலாமே"ன்னு 10.40 லட்சத்துக்குப் போனா வரி 1,87,200. அந்த "60 ஆயிரம்தானே" கிட்டத்தட்ட 1.20 லட்சமா மாறிடும். 10 லட்சத்தைத் தாண்டினா 1% டிசிஎஸ்ஸும் பிடிப்பாங்க. அதை ஐடி ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், ஆனா டெலிவரி அன்னைக்குக் கையில இருக்கணும்.

இன்சூரன்ஸ்ல ஒரு ஆறுதல். சொந்த உபயோகக் காருக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை சீட் எண்ணிக்கை வெச்சு இல்ல, சிசி வெச்சுத்தான் போடுறாங்க. 2022-ல அறிவிச்ச கட்டணத்துல புது காருக்கு 3 வருஷத்துக்கு, 1000 சிசி வரைக்கும் 6,521 ரூபாய், 1500 சிசி வரைக்கும் 10,640 ரூபாய்.

இப்போ முக்கியமான கணக்குக்கு வருவோம். அஞ்சு சீட் வண்டியை விட ஏழு சீட் வண்டிக்கு ஆன்ரோடுல 3 லட்சம் கூடுதல், அதையும் லோன்லயே எடுக்கறீங்கன்னு வெச்சுக்கலாம். 9% வட்டி, 5 வருஷம்னா அந்த 3 லட்சத்துக்கு மட்டும் மாசம் 6,228 ரூபாய் இஎம்ஐ. மொத்தம் சுமார் 3.74 லட்சம் கட்டுவீங்க. இதுக்குப் பதிலா தேவைப்படுற நாள்ல பெரிய வண்டி வாடகைக்கு எடுத்தா, டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 6,000 ஆகுதுன்னு வைங்க (உங்க ஊர் ரேட்டைப் போட்டுக்குங்க). வருஷத்துக்கு 4 நாள்னா 5 வருஷத்துல 1.20 லட்சம். யோசிக்கவே வேண்டாம், வாடகைதான். 20 நாள்னா 6 லட்சம், சொந்தமா வாங்கிடுங்க. என்னை மாதிரி 9 நாள்னா 2.70 லட்சம். விக்கும்போது பெரிய வண்டிக்குக் கூட கொஞ்சம் கிடைக்கும், அதையும் சேர்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட சமம்தான். அந்த நிலைமையில காசை விட்டுட்டு, மூணாவது வரிசையில யார் உட்காருவாங்கன்னு பாருங்க.

எங்க வீட்டுல அங்க உட்கார வேண்டியது அம்மா. மூட்டு வலி. நடு சீட்டை மடக்கி, குனிஞ்சு ஏறி, முழங்கால் நெஞ்சுல இடிக்க உட்காரணும். ஒரு தடவை திண்டுக்கல் வரைக்கும் வந்தாங்க. அடுத்த பயணத்துக்கு "நான் பஸ்ல வர்றேன்டா, நீங்க கார்ல போங்க"ன்னுட்டாங்க. யாருக்காக 7 சீட் வாங்கினேனோ அவங்களே பஸ்ல! டெஸ்ட் டிரைவுக்கு வீட்டுப் பெரியவங்களைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. மூணாவது வரிசையில ஏறி, பத்து நிமிஷம் உட்கார்ந்து, இறங்கிப் பார்க்கச் சொல்லுங்க.

பெரியவங்க இருக்கிற வீட்டுக்கு ஆறு சீட் நல்ல சாய்ஸ். நடுவுல ரெண்டு தனித்தனி கேப்டன் சீட், இடையில வழி. சீட்டை மடக்காமலே பின்னாடி போகலாம். கைக்குழந்தை இருந்தா இது இன்னும் உதவும். குழந்தை சீட்டை நடு வரிசையில மாட்டிட்டா அந்தப் பக்கம் மடக்க முடியாது, ஏழு சீட் வண்டியில ஒரு வழி அடைஞ்சு போயிடும். ஆனா நடுவுல மூணு பேர் உட்கார்ந்து பழகின குடும்பத்துக்கு ஆறு சீட் சரிப்படாது.

லக்கேஜையும் மறந்துடாதீங்க. ட்ரைபர்ல ஏழு பேரும் ஏறினா பின்னாடி மிஞ்சுறது 84 லிட்டர், ரெண்டு மூணு பேக் வைக்கலாம். மூணாவது வரிசையைக் கழட்டினா 625 லிட்டர். கழட்டின சீட்டை எங்க வைப்பீங்க? வாடகை வீட்டுல ரெண்டாவது மாடின்னா அதையும் யோசிங்க. எர்டிகாவுல எல்லா சீட்டும் இருக்கும்போது 209 லிட்டர், பின் வரிசையை மடக்கினா 550. ஆனா சிஎன்ஜி எடுத்தா சிலிண்டர் அந்த டிக்கி இடத்துலதான் உட்காரும். ஏழு பேர், சிஎன்ஜி, லக்கேஜ் மூணும் ஒண்ணா நடக்காது.

சீட் துணி விஷயத்துல நான் ஃபேப்ரிக் கட்சி. மே மாச வெயில்ல நின்ன வண்டியில லெதரெட் சீட்ல உட்கார்ந்தவங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்ல. சைடு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கிற வண்டின்னா, வெளிக்கடையில கவர் தைக்கும்போது ஏர்பேக் விரியுற பக்கத்தை மூடாத மாடலான்னு கேட்டு வாங்குங்க.

"இப்போ அஞ்சு சீட் வாங்கிட்டு, அப்புறம் பின்னாடி ஒரு பெஞ்ச் சீட் போட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஆர்சியில சீட் எண்ணிக்கை பதிவாகி இருக்கும். அதுக்கு மாறா வண்டியை மாத்துறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி தப்பு, விபத்து நடந்தா க்ளெய்ம்லயும் சிக்கல் வரும்.

புக்கிங் ஃபார்ம்ல கையெழுத்துப் போடும்போது வேரியன்ட் பேர், சீட் எண்ணிக்கை, கலர், எரிபொருள் நாலும் எழுத்துல இருக்கான்னு பாருங்க. கேன்சல் பண்ணினா அட்வான்ஸ்ல எவ்வளவு பிடிப்பாங்கன்னும் அதே பேப்பர்ல எழுதி வாங்குங்க. நான் அப்போ ஆறு சீட்டுக்கு மாத்தலாமான்னு கேட்டப்ப "சிஸ்டம்ல ஏத்தியாச்சு சார்"னு பதில் வந்துச்சு. பேப்பர்ல எதுவும் இல்லாததால என்னால ஒண்ணும் பேச முடியல.