மிதிவண்டியில் எழும் கிறீச்சொலி: அதன் காரணமும் கண்டறியும் முறையும்

நாள்தோறும் நெடுந்தொலைவு சென்று பணியாற்றும் களப்பணியாளருக்கும், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியருக்கும் மிதிவண்டி நல்ல துணை. அது மிதிக்குந்தோறும் முனகத் தொடங்கினால் எரிச்சல் உண்டாவது இயல்பே. பெரும்பாலோர் கைக்கு எட்டிய திருகாணிகளையெல்லாம் இறுக்கி, கண்ட இடமெங்கும் எண்ணெய் வார்ப்பர். ஒலி சில நாள் அடங்கியிருந்து மீண்டும் எழும். ஒலியின் பிறப்பிடம் கண்டறியப்படாமையே இதற்குக் காரணம். இவ்வொலி பெரும்பாலும் வெறும் தொல்லையே. ஆயினும் சில வேளைகளில் முறியும் நிலையிலுள்ள ஓர் உறுப்பின் முன்னறிவிப்பாகவும் அமைவதுண்டு. ஆதலின் அதனை முறையாகத் தேடிக் காண்பது அவசியம்.

ஒலி பிறக்கும் விதம்

ஒன்றோடொன்று அழுந்தியிருக்கும் இரு பரப்புகள் நகர முயலும்போது, உராய்வு அவற்றைப் பற்றி நிறுத்துகிறது. விசை மிகுந்தால் உறுப்புகள் சிறிதளவு வளைகின்றன. ஓர் எல்லையைக் கடந்ததும் பிடி விட்டுப்போய்ப் பரப்பு சட்டென்று வழுக்குகிறது. வளைவு தளர்ந்தவுடன் மீண்டும் பற்றிக்கொள்கிறது. பற்றுதலும் வழுக்குதலும் விரைவாக மாறி மாறி நிகழ்வதால் உலோகம் அதிர்ந்து ஒலிக்கிறது. அசையாதிருக்கும் பரப்புகளிடையே உள்ள உராய்வு, வழுக்கும் பரப்புகளிடையே உள்ள உராய்வைவிட மிகுதியாக இருப்பதே இதற்கு அடிப்படை. கதவின் கீல் முனகுவதும், கரும்பலகையில் சுண்ணக்கட்டி கீச்சிடுவதும், வில் பட்டு வயலின் நரம்பு இசைப்பதும் இவ்வியக்கத்தின் பல வடிவங்களே.

வயலின் நரம்பின் இவ்வியக்கத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவர் சர் சி. வி. இராமன். 1907-ஆம் ஆண்டில் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தாவுக்கு வந்த அவர், அலிப்பூருக்கு வடக்கே பௌபஜார் தெருவில் இருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஓய்வு நேரங்களில் ஆய்வு நடத்தினார். வில்லிட்ட நரம்புகளின் அதிர்வைப் பற்றிய அவருடைய விரிவான ஆராய்ச்சியை அச்சங்கம் 1918-இல் வெளியிட்டது. பின்னர், வில்லை அசையாது நிறுத்திவிட்டு வயலினையே பொறியின் துணையால் முன்னும் பின்னும் நகர்த்தும் கருவி ஒன்றையும் அவர் அமைத்தார். வில்லின் வேகம், அது நரம்பைத் தொடும் இடம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, ஏனையவற்றை நிலையாக வைத்து, இசை எழுவதற்கு வேண்டிய அழுத்தத்தை அளக்க அக்கருவி உதவிற்று. மிதிவண்டியின் ஒலியைத் தேடுவோரும் கைக்கொள்ள வேண்டிய நெறி இதுவே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுதல்.

ஈரமும் துருவும்

கொல்கத்தா நகரின் மழையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் வானிலை ஆய்வு நிலையம் அலிப்பூரில் உள்ளது. அங்கு ஆண்டு மழை 1,500 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. அதில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்கிறது. இத்தகைய இடத்தில் மழைநீர் மிதிவண்டியின் இணைப்புகளிலுள்ள கிரீஸைச் சிறிது சிறிதாக அகற்றுகிறது. நீரோடு நுண்ணிய வண்டலும் உட்புகுகிறது. காப்புப் படலம் மறைந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது; துருவும் தோன்றிப் பரப்பைச் சொரசொரப்பாக்குகிறது. பற்றுவதற்கும் வழுக்குவதற்கும் ஏற்ற நிலை இவ்வாறு உருவாகிறது. தமிழகக் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதே வேலையை இன்னும் விரைவாகச் செய்துவிடும்.

காது ஏமாறுவது ஏன்?

காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது; எஃகிலோ ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்கிறது. எனவே ஓர் இணைப்பில் பிறந்த அதிர்வு கண்ணிமைக்கும் நேரத்திற்குள் சட்டம் முழுவதும் பரவி, உள்ளீடற்ற குழாய்களை ஒலிக்கச் செய்கிறது. இருக்கைக் கம்பியில் பிறந்த முனகல் மிதியிலிருந்து வருவதுபோல் தோன்றும். ஆகவே ஒலி எவ்விடத்திலிருந்து கேட்கிறது என்பதைவிட, எந்நிலையில் எழுகிறது, எந்நிலையில் அடங்குகிறது என்பதையே கருத வேண்டும்.

ஆராயும் வரிசை

1. சமதரையில் வேகமாகச் சென்று, மிதிப்பதை நிறுத்தி வண்டியை உருள விடுக. ஒலி தொடர்ந்தால் சக்கரம், மட்கார்டு, கேரியர் ஆகியவற்றை ஆராய்க. ஒலி நின்றால் மிதிக்கும் விசையைத் தாங்கும் உறுப்புகளில் தேடுக.

2. இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்துப் பார்க்க. ஒலி மறைந்தால் இருக்கையின் சுருள்வில், அதன் பிடி, இருக்கைக் கம்பி ஆகியவை ஐயத்திற்குரியன. ஒலி வலுத்தால் மிதி, கிராங்க், மிதி அச்சு ஆகியவற்றின்மீது கருத்தைச் செலுத்துக.

3. ஒலியின் கால ஒழுங்கை எண்ணுக. மிதியின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நிலையில் எழுந்தால் குறை மிதியிலோ, கிராங்கிலோ, காட்டர் பின்னிலோ, மிதி அச்சிலோ உள்ளது எனக் கொள்ளலாம். முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின்னதில் 18 பற்களும் உள்ள வண்டியில், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் 2⅔ முறை சுற்றும். அவ்விகிதத்தில் ஒலி எழுந்தால் சக்கரத்தைப் பார்க்க. அதே வண்டியின் சங்கிலியில் 112 கண்ணிகள் இருந்தால், இறுகிப்போன ஒரு கண்ணி மிதியின் 2⅓ சுற்றுக்கு ஒருமுறை முன் பற்சக்கரத்தில் ஏறும்.

4. போக்குவரத்து இல்லாத இடத்தில் ஒற்றைக் காலால் மிதித்து, குறை வலப்புறத்ததா இடப்புறத்ததா எனத் தெளிக.

5. வண்டியை நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் அசைக்க. ஒலி கேட்டால் ஹேண்டில்பாரின் பிடியையும் ஃபோர்க்கின் மேல், கீழ்க் கப்புகளையும் ஆராய்க.

பரிகாரம்

ஐயத்திற்குரிய இணைப்பு ஒன்றை மட்டும் கழற்றி, மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, உலர்த்தி, மெல்லிய கிரீஸ் பூசி, அளவாக இறுக்குக. பின்னர் அதே சாலையில், அதே சுமையுடன் செலுத்தி, விளைவைக் குறித்துக்கொள்க. ஒலி அடங்காவிடின் அடுத்த இணைப்புக்குச் செல்லலாம். இரண்டை ஒருங்கே கழற்றினால் எது காரணம் என்பது விளங்காது.

இடப்புற மிதியின் திருகுமரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதனைக் கழற்றக் கடிகார முள் செல்லும் திசையில் திருப்ப வேண்டும். இதை அறியாது வலிந்து திருப்பினால் மரை கெடும். காட்டர் பின்னை நட்டால் இழுத்து உட்செலுத்துதல் கூடாது. கிராங்கின் அடியில் தகுந்த தாங்கல் கொடுத்து, பின்னைத் தட்டி அமர்த்திய பிறகே நட்டை இறுக்க வேண்டும். தேய்ந்த பின்னை மாற்றிவிடுவதே நன்று. பந்தய வகை மிதிவண்டிகளில் கார்பன் இழைச் சட்டமும் அழுத்திப் பொருத்திய பேரிங்குகளும் இருக்கலாம். அவற்றிற்குத் தயாரிப்பாளர் குறித்த பசையையும் இறுக்க அளவையும் பின்பற்ற வேண்டும். எவ்வகை வண்டியாயினும், பிரேக் உரசும் பரப்பில் எண்ணெய் படலாகாது.

புறக்கணிக்கத் தகாதவை

துடைத்து, பூசி, இறுக்கிய பின்னரும் ஒலி நாளுக்கு நாள் வலுத்தால் விரிசல் உண்டோ என நல்ல வெளிச்சத்தில் நோக்குக. சட்டத்தின் குழாய்கள் கூடும் இடங்கள், கிராங்கில் மிதி பொருந்தும் துளை, இருக்கைக் கம்பி சட்டத்தினுள் நுழையும் இடம், ஹேண்டில்பார் பிடிக்குள் அமையும் இடம் ஆகியவற்றில் விசை குவிகிறது. அங்கு மயிரிழை போன்ற கோடோ, வண்ணப்பூச்சின் பிளவிலிருந்து கசியும் துருக்கீற்றோ காணப்பட்டால் அவ்வண்டியைச் செலுத்தவே கூடாது. ஹேண்டில்பார் முறிந்தால் செலுத்துபவர் தலைகுப்புற விழ நேரும்.

வகுப்பறையில்

ஆசிரியர் இப்பொருளை மாணவருக்கு எளிதில் விளக்கலாம். நீண்ட சுண்ணக்கட்டியைக் கரும்பலகைக்குச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால் அது கீச்சிடும். அதனை இரண்டாக ஒடித்து, சிறு துண்டால் எழுதினால் ஒலி பெரும்பாலும் அடங்கும். நீளம், பிடிக்கும் இடம், சாய்வு, அழுத்தம் ஆகியவற்றுள் ஒவ்வொன்றாக மாற்றி விளைவைக் குறிப்பேட்டில் எழுதுமாறு பணிக்கலாம். பின்னர் பள்ளிக்கு வரும் மிதிவண்டிகளுள் முனகும் ஒன்றை மேற்கண்ட வரிசைப்படி ஆராயச் செய்க. காரணத்தை ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல், பொருந்தாததை விலக்குதல் ஆகிய மூன்றையும் மாணவர் தம் கையாலேயே செய்து பழகுவர்.