வேலையும் போய், கடன் தகுதியும் போனால்?

புதுதில்லி: ஆலை மூடப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்குச் சொந்தமாக ஒரு பட்டறை வைத்துப் பிழைக்கலாம் என்று தோன்றுவது இயல்பு. உச்ச நீதிமன்ற உத்தரவால் 1996-இல் தில்லியில் 168 ஆலைகள் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தபோது, அவற்றின் தொழிலாளர் முன் நின்ற கேள்வியும் இதுதான். முதலுக்கு எங்கே போவது?

அன்று நடைமுறையில் இருந்தது, 1993-இல் தொடங்கப்பட்ட பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டம். அதற்குப் பொதுவான வயது வரம்பு 35. இருபது ஆண்டு உழைத்துவிட்டு வெளியேற்றப்பட்டவர், "படித்த வேலையற்ற இளைஞர்" என்ற இலக்கணத்துக்குள் எப்படி அடங்குவார்? 2008-இல் அத்திட்டம் வேறொன்றுடன் இணைக்கப்பட்டு, பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமாக மாறியபோதுதான் வயது உச்சவரம்பு நீங்கியது.

புதிய திட்டத்தின் கணக்கு கவர்ச்சியானது. நகரில் 10 லட்சம் ரூபாயில் உற்பத்திப் பட்டறை தொடங்கும் பொதுப்பிரிவினர் ஒருவர் 1 லட்சம் போட்டால், மீதி 9 லட்சத்தை வங்கி தரும். அரசு மானியம் 15 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம். கிராமமானால் 25 சதவீதம். பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட பிரிவினருக்கு 25 முதல் 35 சதவீதம் வரை. ஆனால் மானியம் கைக்கு வராது. அது மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்புத்தொகையாக முடக்கப்பட்டு, பிறகே கடனில் கழிக்கப்படும்.

இதில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில். திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே. வேலை போன மறுமாதமே, கிடைத்த பணிக்கொடையைக் கொட்டிக் கடைசல் இயந்திரம் வாங்கி ஓட்டத் தொடங்கியவர், பிறகு விண்ணப்பித்தால் "ஏற்கெனவே இயங்கும் தொழில்" என்று திருப்பப்படுவார். சும்மா இருந்தவருக்கு மானியம். முந்திக்கொண்டு உழைத்தவருக்கு இல்லை. விதி எழுதிய அதிகாரிகளின் அச்சம் புரியத்தக்கதே என்றாலும், விளைவு இதுதான்.

2015-இல் வந்த முத்ரா திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. இயங்கும் தொழிலுக்கும் கடன் உண்டு, பிணையும் வேண்டியதில்லை. பத்தாண்டுகளில் 52 கோடிக்கும் மேற்பட்ட கடன்கள், 32.61 லட்சம் கோடி ரூபாய் என்று 2025-இல் அரசு பெருமிதத்துடன் அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு கடனுக்குச் சராசரி ஏறத்தாழ 62 ஆயிரம் ரூபாய். தள்ளுவண்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அது போதும். பட்டறைக்குப் போதாது.

பெரிய தொகை கேட்டால் வங்கி மேலாளர் முதலில் திறப்பது கடன் மதிப்பெண் அறிக்கையை. 300 முதல் 900 வரையிலான அந்த எண்தான் வேலையிழந்தவரின் உண்மையான இடர்ப்பாடு. சம்பளம் நின்ற மாதங்களில் இருசக்கர வாகனத் தவணையோ வீட்டுக்கடன் தவணையோ தவறியிருக்கும். 90 நாள் கடந்தால் அது வாராக்கடன். பிறகு வட்டியில் சலுகை பெற்று ஒரே தவணையில் முடித்தாலும், "சமரசத்தில் தீர்க்கப்பட்டது" என்ற குறிப்பு அறிக்கையில் நிற்கும். கடன் தகவல்களைக் குறைந்தது ஏழாண்டுகள் காக்க வேண்டும் என்பது விதி.

இதுகுறித்து 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிதித்துறை இணையமைச்சர் பங்கஜ் சௌத்ரி எழுத்துமூலம் பதிலளித்தார். முதன்முறை கடன் கேட்போரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாக அவர் கூறினார். குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் அது நிர்ணயிக்கவில்லை என்றும் தெளிவுபடுத்தினார். வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பதில், முந்தைய தவணைத் தாமதங்கள், சமரசத் தீர்வுகள் ஆகியவற்றை வங்கிகள் ஆராய வேண்டும் என்றும் சொல்கிறது. வேண்டுமென்றே ஏய்த்தவரையும், ஆலை மூடியதால் தவணை தவறியவரையும் பிரித்துப் பார்க்க மேலாளருக்கு அதில் வழி சொல்லப்படவில்லை. ஆள்குறைப்புக் கடிதத்தை விண்ணப்பத்துடன் இணைத்தால் அதற்கு என்ன மதிப்பு என்பதை அடுத்த கூட்டத்தொடரில் எந்த உறுப்பினராவது கேட்கலாம்.