சிறு கடைகளில் கணிப்பொறி பில்லும் யு.பி.ஐ. பணமும்

பெங்களூரில் நம்மவர்கள் நடத்தும் கடைகளை எண்ணத் தொடங்கினால் மளிகை, மெஸ், பேக்கரி, பூக்கடை, இஸ்திரிக் கடை, எலெக்ட்ரிக்கல் சாமான் கடை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இன்று க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. ஒழுங்காகப் பில் போடும் கடைகளோ குறைவு. பணம் வாங்கும் முறை கணிப்பொறி யுகத்துக்கு வந்துவிட்டது. கணக்கு எழுதும் முறை துண்டுச் சீட்டிலேயே நின்றுவிட்டது. இந்த இடைவெளியால் என்ன நேரும் என்பதை 2025 ஜூலையில் கர்நாடகம் முழுவதும் கண்டது.

அந்த மாதம் மாநில வணிகவரித் துறை, 2021-22 முதல் 2024-25 வரையிலான யு.பி.ஐ. வரவு விவரங்களைச் சேகரித்து, ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி வியாபாரி ஒருவருக்கு, நான்கு ஆண்டுகளில் 1 கோடியே 63 லட்சம் ரூபாய் வந்திருப்பதைக் காட்டி, 29 லட்சம் வரி கேட்டார்கள். காய்கறிக்கு வரியே கிடையாது என்பது வேறு விஷயம்! பெங்களூர்த் தெருக்களில் க்யூ.ஆர். அட்டைகள் கழற்றப்பட்டு, 'யு.பி.ஐ. இல்லை, ரொக்கம் மட்டும்' என்ற காகிதங்கள் ஒட்டப்பட்டன. ஜூலை 23 அன்று முதலமைச்சர் வணிகர் சங்கங்களுடன் பேசியபின், பழைய பாக்கி வசூலிக்கப்படாது, ஆனால் பதிவு செய்ய வேண்டியவர்கள் செய்துகொள்ள வேண்டும் என்ற முடிவுடன் பரபரப்பு அடங்கியது.

அடங்கியது பரபரப்புதான், சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே இந்த விவகாரத்தைச் சற்று நிதானமாகப் புரிந்துகொள்வது நல்லது.

வங்கிக் கணக்கில் விழும் யு.பி.ஐ. வரவுக்குத் தெரிந்தது மூன்றே: எவ்வளவு, எப்போது, யாரிடமிருந்து. எதற்காக என்பது அதற்குத் தெரியாது. தக்காளி விற்ற பணம், சோப்பு விற்ற பணம், ஊரிலிருந்து தம்பி அனுப்பிய பணம், சீட்டு எடுத்த பணம், கைமாற்று திரும்பி வந்த பணம் எல்லாம் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். பிரித்துச் சொல்லக்கூடியது பில் ஒன்றுதான். பில் இல்லாதபோது அதிகாரி மொத்தத்தையும் விற்பனை என்றே எடுத்துக்கொள்வார்; 'இல்லை' என்று காட்டும் சுமை கடைக்காரர் தலையில் விழும். க்யூ.ஆர். அட்டையைக் கழற்றுவதும் தீர்வாகாது. சட்டத்தின் கண்ணில் விற்றுமுதல் என்பது ரொக்கமும் சேர்ந்தது. அட்டையைக் கழற்றினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார், அவ்வளவுதான்.

பதிவு யாருக்கு அவசியம்? கர்நாடகத்தில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், சேவை செய்பவருக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் பதிவு தேவை. லட்சக் கணக்கில் சொன்னால் பெரிதாகத் தோன்றும். நாள் கணக்கில் வகுத்துப் பாருங்கள். 40 லட்சம் என்பது நாளொன்றுக்குச் சுமார் 10,960 ரூபாய். 20 லட்சம் என்பது சுமார் 5,480 ரூபாய். மெஸ்ஸும் உணவகமும் சேவையில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. சிவாஜிநகரில் ஒரு சிறிய மெஸ் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மதியமுமாக நூறு பேர் சாப்பிட்டு, ஆளுக்கு 60 ரூபாய் கொடுத்தால், எல்லையைத் தாண்டியாயிற்று.

இன்னொரு நுணுக்கம். புதிய காய்கறி, பால் போன்ற வரியற்ற பொருள்களை மட்டுமே விற்பவர் எத்தனை லட்சம் விற்றாலும் பதிவு வேண்டியதில்லை. ஆனால் அதே கடையில் பிஸ்கட்டும் சோப்பும் வைத்தால், 40 லட்சம் என்ற எல்லையைப் பார்க்கும்போது பாலும் காய்கறியும் சேர்ந்த மொத்த விற்பனைதான் கணக்கு. வரி கட்டும்போது மட்டும் வரியுள்ள பொருளுக்குக் கட்டினால் போதும். ஆகவே எதை எவ்வளவு விற்றோம் என்ற பிரிவினை இரண்டு இடத்திலும் தேவைப்படுகிறது.

ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்குக் 'காம்போஸிஷன்' என்ற எளிய திட்டம் உண்டு. சில்லறை வியாபாரி வரியுள்ள விற்பனையில் 1 சதவீதமும், உணவகம் 5 சதவீதமும் மூன்று மாதத்துக்கொரு முறை கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வசூலிக்கக் கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. மளிகைக் கடைக்கு இது நல்ல ஏற்பாடு. மெஸ்காரருக்கு அவ்வளவு லாபமில்லை என்றே எனக்குப் படுகிறது; சாதாரணப் பதிவிலும் விகிதம் அதே 5 சதவீதம்தான், அதை வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டலாம். பதிவே இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு பைசாவும் போடக் கூடாது. சில மென்பொருள்கள் தாமாகவே வரியைச் சேர்த்து அச்சிடும். முதல் நாளே அதை நிறுத்திவைக்க வேண்டும்.

இனி மென்பொருளுக்கு வருவோம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பழைய கணக்குப்பிள்ளையின் சிட்டையும் பேரேடும்தான் அதற்குள் இருக்கின்றன. நாம் பில் போட்டால் சிட்டையில் ஏறும். அங்கிருந்து பேரேட்டில் அதுவே பதிந்துகொள்ளும். சரக்கு இருப்பிலும் அதுவே கழித்துக்கொள்ளும். நாம் உழைக்க வேண்டியது தொடக்கத்தில் பொருள் பட்டியல் தயாரிக்கும்போது மட்டுமே. ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், விலை, எச்.எஸ்.என். எண், வரி விகிதம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஆண்டு முழுவதும் தப்பான பில்தான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் விகிதங்கள் பெரிதும் மாறின. பிஸ்கட்டும் குளியல் சோப்பும் 18-லிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன, பென்சிலுக்கு வரியே நீங்கியது. பழைய பட்டியலை யாராவது இலவசமாகக் கொடுத்தால் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

பில் எண் இடைவெளியின்றி வரிசையாக வர வேண்டும். 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. தப்பாகப் போட்ட பில்லை அழித்துவிடுவது நம்மவர்களின் வழக்கம். அது கூடாது. அதற்கு எதிர்ப் பதிவாக 'கிரெடிட் நோட்' போட வேண்டும். 'டீக்கும் வடைக்கும் பில் போட்டுக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்போது செய்வது?' என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு, வாங்குபவர் பதிவில்லாதவராக இருந்து பில் கேட்காவிட்டால், தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. கடை மூடும்போது அன்றைய மொத்தத்துக்கு ஒரே பில் போட்டால் போதும்.

பில்லையும் பணத்தையும் இணைப்பதில்தான் முழுப் பயனும் இருக்கிறது. சுவரில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையில் தொகையை வாடிக்கையாளர் தட்டுகிறார். அது எந்தப் பில்லுக்கு என்று தெரியாது. மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் தனி க்யூ.ஆர். காட்டினால் தொகையும் பில் எண்ணும் அதிலேயே அடங்கியிருக்கும். பணம் வந்ததும் அந்தப் பில்லுக்கு எதிரே வரவு வைத்துவிடலாம். இது முடியாதவர்கள்கூட ஒரு காரியத்தை உடனே செய்யலாம்: கடைக்கென்று தனி வங்கிக் கணக்கு, தனி க்யூ.ஆர். வீட்டுப் பணம் அதற்குள் வரவே கூடாது. இரவில் அன்றைய பில் மொத்தம் ஒருபுறம், ரொக்கமும் யு.பி.ஐ.யும் கடனும் மறுபுறம் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும்.

2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. ஆனால் கிரெடிட் கார்டு, 'பேமென்ட் லிங்க்' வழியாக வருவதற்குப் பிடித்தம் உண்டு. 1,000 ரூபாய் பில்லுக்கு 2 சதவீதக் கட்டணம் என்றால் 20 ரூபாய். நம் கணக்கில் விழுவது 980 ரூபாய். பேரேட்டில் விற்பனை 1,000 என்றும் கட்டணம் தனிச் செலவு என்றும் எழுத வேண்டும். வந்ததை மட்டும் விற்பனை என்று எழுதினால் பில்லும் வங்கியும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

ஏமாற்றுக்காரர்களும் உண்டு. கைபேசித் திரையைக் காட்டி 'பணம் போய்விட்டது' என்பவரை நம்ப வேண்டாம். அப்படிப்பட்ட போலிப் படங்கள் சுலபமாகக் கிடைக்கின்றன. ஒலிப்பெட்டி அறிவித்தாலோ, நம் கணக்கில் தெரிந்தாலோதான் பணம் வந்ததாகப் பொருள். இரவில் நம் க்யூ.ஆர். மேல் வேறு சீட்டு ஒட்டிப் போனவர்களும் இருக்கிறார்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

எதை வாங்குவது? நம் ஊரிலேயே பிறந்த 'டாலி'யும், கைபேசியிலேயே இயங்கும் 'வியாபார்' செயலியும் இருக்கின்றன. சென்னையின் ஸோஹோ நிறுவனம் 'இன்வாய்ஸ்' மென்பொருளைக் கட்டணமின்றித் தருகிறது. விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் பழைய பில்களைப் பார்க்க முடியுமா? எல்லாக் கணக்கையும் எக்ஸெல் வடிவில் இறக்கிக்கொள்ள முடியுமா? பதிவு செய்தவர் கணக்குகளை ஆண்டறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் அந்த நிறுவனமே மூடிப்போகலாம். ஆகவே மாதம் ஒருமுறை ஒரு பிரதியை எடுத்துப் 'பென் டிரைவ்' ஒன்றில் போட்டு வீட்டில் வையுங்கள், கடையில் அல்ல. நிதியாண்டு பிறக்கும் ஏப்ரல் 1 அன்று பில் எண்ணைப் புதிய வரிசையில் தொடங்கலாம் என்பதால், மென்பொருளுக்கு மாற நினைப்பவர்கள் மார்ச்சிலேயே பொருள் பட்டியலைத் தயார் செய்துகொள்வது வசதி.