கூவும் கருவியை அடக்குவது எப்போது?

மோட்டார் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது 'பீப், பீப்' என்று கூவி எச்சரிக்கும் சிறு கருவியின் குரலைக் கேளாதவர் நம்மில் இரார். வாடகைக் காரில் ஏறி ரயிலடிக்குப் போன எவரும் அதைக் கேட்டிருப்பர். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், புதிதாகச் செய்யப்படும் பயணிகள் கார்களில் இக்கருவி இருந்தே தீரவேண்டும் என்பது விதி. பின்னால் நிற்கும் சுவரையும் தூணையும் ஆளையும் காட்டிக்கொடுக்கும் நல்ல கருவி அது. ஆயினும் அதன் வாயை அடைத்துவிட வேண்டிய சமயம் ஒன்று உண்டு. வண்டியின் பின்னால் டிரெய்லர் என்னும் இழுவண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்படும் சமயமே அது. வண்டி செய்பவர்களே தங்கள் கையேடுகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத விடுதி மாணவர்களுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் புவி அமைப்பியல் பயில்பவன். எங்கள் துறையில் பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. மழைக்காலம் ஓய்ந்ததும், ஜெனரேட்டரும் துளைக்கருவியும் ஏற்றிய இருசக்கர டிரெய்லர் ஒன்றை அதன் பின்னால் பூட்டிக்கொண்டு களப்பணிக்குக் கிளம்புவோம். ஓட்டுபவர் துறையின் டிரைவர். பின்னால் நின்று 'வரலாம், வரலாம்' என்று கையசைப்பவர்கள் மாணவர்களாகிய நாங்கள். அன்றியும், நம்மில் பலர் மேற்படிப்புக்கு அமெரிக்கா செல்லும் எண்ணம் உடையவர்கள். அங்கே வீடு மாறும்போது கட்டிலையும் மேசையையும் வாடகை டிரெய்லரில் ஏற்றித் தாமே இழுத்துச் செல்வது மாணவரிடையே சர்வசாதாரணம். ஆகவே இது நமக்கு அயலான பொருள் அன்று.

முதலில் இக்கருவி எப்படிப் பார்க்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். 'பார்க்கிறது' என்றேனே தவிர, உண்மையில் அது கேட்கத்தான் செய்கிறது. பின்பக்கப் பம்பரில் நாணய அளவில் பெரும்பாலும் நான்கு வட்டங்கள் தெரியும். அவை ஒவ்வொன்றும் வாயும் செவியும் ஒன்றேயான உறுப்பு. ரிவர்ஸ் கியர் விழுந்ததும் அவை விநாடிக்கு 40,000 முறைக்கு மேல் அதிரும் ஒலியைச் சிறு சிறு துணுக்குகளாக வெளியிடுகின்றன. மனிதச் செவிக்கு 20,000க்கு மேற்பட்ட அதிர்வு எட்டாது. ஆதலின் அந்த ஒலி நமக்குக் கேட்பதில்லை. நாம் கேட்கும் 'பீப்' வண்டிக்குள் தனியே ஒலிக்கும் எச்சரிக்கை.

வௌவால் இருட்டில் பறக்கும் தந்திரமும் இதுவே. கண்ணைக் கட்டினாலும் தடையின்றிப் பறக்கும் வௌவால் காதை அடைத்தால் தடுமாறுகிறது என்பதை இத்தாலி நாட்டு ஸ்பல்லன்ஸானி போன்றோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டனர். இயந்திரத்தால் இதைச் செய்ய வழி பிறந்தது, 1880இல் பியர் கியூரியும் அவர் தமையனார் ழாக் கியூரியும் கண்ட ஓர் உண்மையால். சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்பதே அது. மின்சாரம் பாய்ச்சினால் படிகம் அதிரும் என்பதும் அடுத்து விளங்கிற்று. பியர் கியூரியின் மாணவரான பால் லாஞ்ஜெவான், முதல் உலகப் போரின்போது, கடலுக்கடியில் பதுங்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க இப்படிகத்தைப் பயன்படுத்தினார். போர்க்கப்பலுக்கென்று பிறந்த வித்தை இன்று வீட்டு வாசலில் கார் நிறுத்த உதவுகிறது. இப்பொழுது படிகத்தின் இடத்தில் அதே குணமுடைய பீங்கான் வில்லை இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

கணக்கு எளியது. 20 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். சுவர் 1 மீட்டர் தள்ளி இருந்தால் ஒலி போய்வர வேண்டிய தூரம் 2 மீட்டர். ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் ஆறு கூறுக்குள் எதிரொலி திரும்பிவிடும். அந்த நேரத்தை அளந்து தூரத்தைக் கணித்து, தூரம் குறையக் குறையக் கூவலை விரைவுபடுத்துகிறது கருவி. 30 சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்கிவிட்டால் இடைவிடாமல் ஒரே ஓலமாகக் கத்தும். அதற்குள் இன்னும் நெருங்கினால் அதற்கே தூரம் சரியாகத் தெரியாது. கோயில் மணியை அடித்தபின் அதன் ரீங்காரம் அடங்கச் சற்று நேரம் ஆகிறதன்றோ? அதுபோல இவ்வில்லையின் அதிர்வும் அடங்க வேண்டும். தன் குரல் ஓயுமுன் வந்துவிடும் எதிரொலியை அதனால் பிரித்தறிய இயலாது.

இனி டிரெய்லரைப் பூட்டுவோம். பம்பருக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லரின் ஏர்க்கால் அதன்மேல் வந்து உட்காரும். ஏர்க்காலை ஒட்டி அதைத் தாங்கும் கால், அதற்குப் பின்னால் டிரெய்லரின் முகப்புப் பலகை. இவ்வளவும் கருவியின் பார்வைக்குள்ளேயே இருக்கின்றன. பாவம், அது என்ன செய்யும்? சுவர் என்றும் டிரெய்லர் என்றும் பிரித்தறியும் அறிவு எதிரொலிக்கு இல்லை. ரிவர்ஸ் கியர் போட்ட கணத்திலிருந்து எடுக்கும் வரையில் ஓயாமல் கத்துகிறது. திரும்பும்போதோ டிரெய்லரின் ஒரு மூலை பம்பரை நெருங்கி, மற்றொரு மூலை விலகும். அப்போது கூவல் கூடியும் குறைந்தும் கேட்பதால், உண்மையாகவே எதையோ நெருங்கிவிட்டோம் என்று டிரைவர் திகைத்துவிடுகிறார்.

புலி வருகிறது, புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நமக்குத் தெரியும். இங்கே கூவுபவன் பொய்யன் அல்லன். தனக்குத் தெரிந்ததையே சொல்கிறான். ஆனால் விளைவில் மாறுதல் இல்லை. பத்து நிமிடம் அந்த ஓலத்தைக் கேட்டுப் பழகிய காது, அதைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. டிரெய்லரைக் கழற்றிய பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை என்பதுதான் என் கவலை. அத்துடன், பின்னால் நிற்பவர் 'நிறுத்து' என்று கத்துவது இந்த ஓலத்தில் அமுங்கிப்போகிறது.

புதிய வண்டிகள் சிலவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. பின்னால் தடை தென்பட்டால் அவை தாமாகவே பிரேக் போட்டு நின்றுவிடும். டிரெய்லரையே தடையாக எண்ணி, ஏற்றத்தில் பாதி வழியில் பாரத்தோடு அப்படி நின்றுவிட்டால் டிரைவரின் பாடு என்னாகும்! ஆகவே எச்சரிக்கையை அடக்குகிறவர் இந்தத் தானியங்கிப் பிரேக்கையும் அடக்கினோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் இவ்விரண்டுக்கும் தனித்தனி ஸ்விட்ச்.

அடக்கும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும். 'பி' என்னும் ஆங்கில எழுத்தும், அதன் பக்கத்தில் அலை அலையாக வளைந்த கோடுகளும் பொறித்த பொத்தான் முன்பலகையில் இருந்தால், அதை ஒருமுறை அழுத்துவதே போதும். பொத்தான் இல்லாத வண்டிகளில் திரைக்குள் புகுந்து தேடவேண்டும். என்னைக் கேட்டால், அவசரத்தில் கைக்கு அகப்படும் பொத்தானே சிறந்தது. திரைக்குள் மூன்று அடுக்குக்குக் கீழே ஒளித்து வைத்ததை யார் தேடிக்கொண்டிருப்பது?

அமெரிக்கப் பிக்கப் வண்டிகள் பலவற்றில் இந்த வேலையும் இல்லை. டிரெய்லரின் விளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்க ஏழு முனைப் பிளக் ஒன்று பின்பக்கம் இருக்கும். அதைச் செருகியதும், விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தைக் கண்டு 'டிரெய்லர் வந்துவிட்டது' என்று வண்டி தானே உணர்ந்து, பின்பக்கக் கருவியைத் தானே அடக்கிவிடும். ஆனால் இதை முழுதும் நம்பிவிடுவதற்கில்லை. பழைய இழை விளக்குகளைவிட இக்கால எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த மின்னோட்டமே இழுப்பதால், டிரெய்லர் இருப்பதையே வண்டி அறியாமல் போவதுண்டு. பிளக் முனையில் துரு ஏறியிருந்தாலும் அப்படித்தான். டிரெய்லர் இல்லாமலே பொய்க்கூவல் எழுவதும் உண்டு. பிக்கப்பின் பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு மூங்கிலையோ குழாயையோ நீட்டி ஏற்றியிருந்தால் கருவி கதவைக் கண்டு கூவும். வெறும் இரும்புக் குண்டைக் கழற்றாமல் விட்டிருந்தாலும் சில வண்டிகளில் கூவும். அதற்கு அதைக் கழற்றி வைப்பதே மருந்து, கருவியை அடக்குவது அன்று.

நம் ஊர்ப் பிக்கப்புகளில் பலவற்றில் இக்கருவி கடைத்தெருவில் வாங்கிப் பொருத்தியதாக இருக்கும். அதற்கு மின்சாரம் ரிவர்ஸ் விளக்கின் கம்பியிலிருந்து வருகிறது. அடக்கப் பொத்தான் கிடையாது. இத்தகைய வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால், கம்பியை வெட்டிவிட்டு 'சத்தம் போச்சு' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் வட்டங்களின்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். இரண்டும் தகாத வேலை. வெட்டிய கம்பியை மறுபடி இணைக்க யாரும் வருவதில்லை. டிரெய்லர் ஒருநாள், செவிடு என்றென்றைக்கும் என்றாகிவிடும். அக்கம்பியின் நடுவே சிறு ஸ்விட்ச் ஒன்றை வைக்கச் சொன்னால் செலவு சொற்பம். எங்கள் துறை வண்டியில் அப்படித்தான் செய்திருக்கிறோம். இந்த ஊர் லாரிகளில் ரிவர்ஸ் போட்டதும் ஒலிக்கும் சினிமா மெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: அதை வெளியே இருப்பவர் கேட்கத்தான் வைத்திருக்கிறார்கள், அதை நிறுத்த வேண்டாம், காது சற்றுப் பொறுத்துக்கொள்ளட்டும்.

கருவியை அடக்கியாயிற்று. இப்பொழுது பின்னால் பார்ப்பது யார்? இந்தக் கேள்வியை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2014இல் தந்த கணக்கின்படி, பின்னோக்கி வரும் வண்டிகளால் அந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 210 பேர் உயிரிழந்தனர். 15,000 பேர் காயமுற்றனர். இறந்தவர்களில் 31 சதவீதம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 26 சதவீதம் எழுபதும் அதற்கு மேலும் வயதான முதியவர்கள். ஓடி விலகத் தெரியாதவர்களும் ஓடி விலக முடியாதவர்களும்! தகப்பன் ஓட்டிய வண்டியில் அகப்பட்டு இறந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் பெயரால் அங்கே 2008இல் சட்டம் பிறந்தது. அதன் பயனாக 2018 மே மாதம் முதல் புதிய கார்களிலும் பிக்கப்புகளிலும் பின்புறத்தைக் காட்டும் காமிரா கட்டாயமாயிற்று. ஆனால் டிரெய்லரைப் பூட்டியபின் அக்காமிராவுக்குத் தெரிவது டிரெய்லரின் முகப்புப் பலகையே. டிரெய்லரின் வால்புறத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கருவியும் அறியாது, காமிராவும் அறியாது, கண்ணாடியும் முழுதாகக் காட்டாது.

ஆகவே ஆள் ஒருவர் இறங்கி நின்றே ஆகவேண்டும். அவர் நிற்க வேண்டிய இடம் டிரெய்லருக்கு நேர் பின்னால் அன்று. பக்கவாட்டில், டிரைவரின் கண்ணாடியில் தம் முகம் தெரியும் இடத்தில் நிற்கவேண்டும். கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லையானால் உங்கள் முகமும் அவருக்குத் தெரியவில்லை என்று பொருள். அவர் பார்வையிலிருந்து நீங்கள் மறைந்தால் அவர் வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மொழியையும் பேசிவைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் கண்டக்டர் 'ஹோல்டான்' என்றால் வண்டி நிற்கும். இங்கே டிரைவருக்கு அது புரியாது. இவ்வூரார் 'ஆனே தோ, ஆனே தோ' என்று வரவிட்டு, நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் 'பஸ்!' என்பார்கள், 'போதும்' என்பது அதன் பொருள். சென்ற ஆண்டு புதிதாகச் சேர்ந்த நம் தம்பி ஒருவர், 'பஸ்' என்ற குரலைக் கேட்டதும், எந்த பஸ் வருகிறது என்று சாலையைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தோம். ஆனால் அவரே வழிகாட்டியாக நின்றிருந்தால் சிரித்திருக்க முடியாது. சொல்லைவிடக் கை நல்லது. இரு கைகளையும் தலைக்குமேல் குறுக்காகப் பிடித்தால் நிறுத்து என்று முடிவு செய்துகொண்டால் தமிழும் வேண்டாம், ஹிந்தியும் வேண்டாம்.

டிரைவருக்கும் ஒரு சொல். டிரெய்லருடன் பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்புறம் போகும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துவது அனுபவஸ்தர் வழக்கம். நீண்ட டிரெய்லர் மெல்லத் திரும்பும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கி வண்டியோடு முட்டிக்கொள்ளும். மடங்கத் தொடங்கினால் பின்னோக்கித் திருத்த முயலாமல், நிறுத்தி முன்னே சென்று நேராக்கிக்கொள்ள வேண்டும். கரும்பு டிரெய்லரை ஆலை வாசலில் ஒரே வீச்சில் பின்னுக்கு விடும் டிராக்டர்காரரை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். அவர் நிதானம் விளங்கும்.

வேலை முடிந்து டிரெய்லரைக் கழற்றியதும் கருவியை மீண்டும் எழுப்பிவிட வேண்டும். சில வண்டிகளில் இஞ்சினை நிறுத்திக் கிளப்பினால் அது தானே விழித்துக்கொள்ளும். சிலவற்றில் நாமாக எழுப்பும்வரை தூங்கும். எழுந்துவிட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்து, இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, ரிவர்ஸ் கியரில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு பம்பர் வட்டங்கள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் காதை வைத்தால், 'டிக், டிக்' என்று மெல்லிய தட்டல் கேட்கும். நான்கில் ஒன்று ஊமையாக இருந்தால் பெரும்பாலும் அதன்மேல் களப்பணிச் சேறு காய்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி கேளுங்கள்.