தாத்தா ஏன் தூங்கவில்லை?

வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். தாத்தா மட்டும் எழுந்து போகிறார். வருகிறார். படுக்கிறார். மறுபடியும் எழுந்து போகிறார்.

கேட்டால், "வயதாகிவிட்டது அல்லவா!" என்கிறார்.

வயது மட்டும் காரணம் அல்ல. ஒரு சிறு சுரப்பியின் வேலையாகவும் இது இருக்கலாம்! அதற்கு "பிராஸ்டேட்" என்று பெயர். ஆண்களுக்கு மட்டுமே உண்டு. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர் வரும் பாதையைச் சுற்றி, விரலில் மோதிரம் போல இருக்கிறது. வாலிபத்தில் எடை சுமார் 20 கிராம். 50 வயதுக்குமேல் பலருக்கு அது பெருக்கிறது. 100 கிராமைத் தாண்டுவதும் உண்டு.

மோதிரம் இறுகினால்? சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும். சிலருக்கு ஒரு நாள் அடியோடு நின்றுவிடும். உயிர் போகும் வலி! உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், குழாய் போட்டு இறக்கவேண்டும்.

இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. ஆனால், புற்றுநோயும் அதே சுரப்பியில் வரலாம். ஆகவே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

விரலால் எடுத்தார்!

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவை இல்லை. பலருக்கு மாத்திரையே போதும். பெரும்பாலும் அது பலிக்காவிட்டால்தான் ஆபரேஷன்.

இந்தியாவில் பல ஆண்டு வேலை பார்த்த பீட்டர் பிரேயர் என்ற டாக்டர், 1900-ல் லண்டனில் ஒருவருக்கு வயிற்றைத் திறந்து, பெருத்த சதையை விரலாலேயே நெம்பி எடுத்தார். பிறகு, சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவியை விட்டு, மின்சாரத்தால் சீவி எடுக்கும் முறை வந்தது. இன்றும் அது நடக்கிறது. நல்ல முறைதான். ஆனால், ரத்தம் கசிவதால் சில நாள் குழாய் இருக்கவேண்டும்.

பல பெரியவர்கள் கத்திக்குப் பயப்படுவது இல்லை. இந்தக் குழாய்க்குத்தான் பயப்படுகிறார்கள்! பையும் குழாயுமாகப் பேரன், பேத்தி முன்னால் எப்படி உட்காருவது?

ஒளிக் கத்தி

1990-களில், நியூசிலாந்தில் டௌரங்கா என்ற ஊரில், டாக்டர் பீட்டர் கில்லிங் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். மெல்லிய கண்ணாடி நார் வழியாக லேசர் ஒளி பாய்கிறது. ஆரஞ்சுத் தோலில் இருந்து சுளையைப் பிரிப்பது போல, பெருத்த சதையை அது பிரிக்கிறது. ரத்தக்குழாய்களை அப்போதே அடைத்துவிடுகிறது. வயிற்றில் கீறல் இல்லை. பிரேயர் விரலால் செய்ததை இவர் ஒளியால் செய்தார்!

பெரும்பாலும் மறுநாளே குழாயை எடுத்துவிடுகிறார்கள். வேறு வகை லேசரில், சிலர் குழாய் இல்லாமலே வீடு திரும்புவதும் உண்டு. எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நம்பவேண்டாம்.

ஆனால், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் மூத்திரப்பை சோர்ந்துவிடும். பிறகு லேசர் செய்தாலும், சிலருக்குக் குழாயைக் கழற்ற முடியாமல் போகிறது. சிறுநீரகமும் கெடக்கூடும்.

ஆபரேஷனுக்குப் பிறகு விந்து வெளியே வராமல், மூத்திரப்பைக்குள் போய்விடுவது உண்டு. கெடுதி இல்லை. ஆனால், முன்னாலேயே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

சில நாள் எரிச்சல் இருக்கும். சிறுநீர் லேசாகச் சிவக்கலாம். சில வாரம் பாரம் தூக்கக்கூடாது. இருமினாலும் சிரித்தாலும் சிலருக்கு இரண்டு சொட்டு வந்துவிடும். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், பெரும்பாலும் அது நின்றுவிடும். அதுவரை வீட்டில் யாரும் தாத்தாவைக் கேலி செய்யாமல் இருக்கவேண்டும்.