தாலி கட்டும் முன்பே முடிஞ்சிடுமா கல்யாணம்? கிறிஸ்தவ மணமுறை சொல்வது என்ன?

"ஓலை வாசிச்சாச்சா?" - பெரம்பலூர், அரியலூர் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் நிச்சயதார்த்தம் முடிந்ததும் இந்தப் பேச்சு வந்துவிடும். மண்டபம், பத்திரிகை, சமையல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓலை எதற்கு?

மணமக்களின் பெயர்களைப் பொதுவாக மூன்று ஞாயிறுகள் கோயிலில் அறிவிப்பார்கள். இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தாலோ, வேறு தடை இருந்தாலோ தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'முறை' என்று கொண்டாடும் அத்தை மகன், மாமன் மகள் உறவும் திருச்சபைச் சட்டப்படி தடைதான். ஆயர் விலக்கு அளித்தால் மட்டுமே திருமணம் நடக்கும்.

எந்த நொடியில் திருமணம் ஆகிறது?

தாலி கட்டும்போது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சடங்கின் வரிசையைக் கவனித்தால் புரியும். முதலில் குருவானவர், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வந்திருக்கிறீர்களா என்று சபையின் முன் கேட்கிறார். வாழ்நாள் முழுவதும் அன்பும் மதிப்பும் காட்டுவீர்களா, பிள்ளைகளை ஏற்பீர்களா என்றும் கேட்பார். பிறகு வலக்கைகளைப் பிடித்து ஒருவரையொருவர் ஏற்கிறார்கள். அந்த நொடியில் திருமணம் ஆகிவிட்டது. தாலி மந்திரித்துக் கட்டுவது அதன் பிறகே.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமக்களின் சம்மதமே திருமணத்தை உருவாக்குகிறது, வேறு யாரும் அதைத் தர முடியாது என்கிறது. அப்பா, அம்மா, தாய்மாமன் யாரானாலும் சரி. அச்சத்தாலோ கட்டாயத்தாலோ சொன்ன சம்மதம் செல்லாது. குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. கூடவே இரண்டு சாட்சிகளும் வேண்டும்.

கத்தோலிக்கருக்குத் திருமணம் ஏழு அருட்சாதனங்களில் ஒன்று. சிஎஸ்ஐ, லுத்தரன் சபைகள் அப்படிக் கணக்கிடுவதில்லை. ஆனாலும் கடவுள் முன் செய்யும் வாழ்நாள் உடன்படிக்கையாகவே மதிக்கின்றன.

அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் என்று பாடிய வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டில் எழுதிய தேம்பாவணிக்குப் பாட்டுடைத் தலைவனாக அரசனைத் தேர்ந்தெடுக்கவில்லை. மரியாளின் கணவர் சூசையப்பரை 'வளன்' என்று பெயரிட்டுக் காப்பிய நாயகனாக்கினார். அதில் திருமணப் படலமும் உண்டு. ஒரு தச்சரின் இல்லறம் அவருக்குக் காப்பியம் பாடும் அளவுக்குப் பெரிதாகப் பட்டது.

ஒத்துவரவில்லை என்றால்?

கத்தோலிக்கத் திருச்சபையில் விவாகரத்து இல்லை. சம்மதமே குறைபாடானது என்று நிரூபித்தால், 'இது தொடக்கத்திலிருந்தே செல்லாத திருமணம்' என்று திருச்சபைத் தீர்ப்பாயம் அறிவிக்கலாம். 2015இல் போப் பிரான்சிஸ் இந்த நடைமுறையை எளிதாக்கினார்.

ஆனால் அந்த அறிவிப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்தால் சட்டச் சிக்கல் வரும். அது சிவில் விவாகரத்துக்கு ஈடாகாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. விவாகரத்துச் சட்டப்படி நீதிமன்றம் போயே ஆக வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 2001 திருத்தம் வழி செய்துள்ளது.

சொல்ல வேண்டிய நேரம்

ஆகவே முக்கியமான இடம் திருமணத்துக்கு முந்தைய விசாரணைதான். பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்பார். உறவுக்காரர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். "எனக்கு இஷ்டமில்லை, சாமி" என்று ஒரு பெண் சொல்ல நினைத்தால், அதற்கான இடம் அது. பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் அந்தப் பதிலை மாற்றக் காரணம் ஆகாது.