வாடகை உதவித்தொகை (ஜெர்மனி)

வாடகை உதவித்தொகை (ஜெர்மன் மொழியில்: வோன்கெல்ட்) என்பது குறைந்த வருமானம் உடைய குடும்பங்களின் வீட்டுச் செலவில் ஒரு பகுதியை ஏற்பதற்காக ஜெர்மனியில் அரசு வழங்கும் நிதியுதவி ஆகும். இது கடன் அன்று. திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை. வாடகை வீட்டில் குடியிருப்போர் மட்டுமன்றிச் சொந்த வீட்டில் வசிப்போரும் இதனைப் பெறலாம். குழந்தை பிறந்தபின் விடுப்பு எடுக்கும் பெற்றோரின் வருமானம் குறைகின்றது, வாடகையோ குறைவதில்லை. இந்த இடைவெளியை ஓரளவு ஈடுசெய்வதால் இவ்வுதவி இளம் குடும்பங்களுக்கு முக்கியமானதாகும்.

வரலாறு

மேற்கு ஜெர்மனியில் இதற்கான சட்டம் 1965இல் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி ஒன்றிணைந்த பின்னர் கிழக்குப் பகுதிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2023 சனவரியில் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தத்தின் மூலம் தகுதிக்கான வருமான வரம்பும் உதவித்தொகையும் உயர்த்தப்பட்டன. சூடேற்றும் செலவுக்கென நிலையான ஒரு தொகையும் கணக்கில் சேர்க்கப்பட்டது. இதற்கான செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்கின்றன.

கணக்கிடும் முறை

உதவித்தொகை மூன்று காரணிகளைப் பொறுத்து அமைகின்றது:

* வீட்டில் வசிக்கும் உறுப்பினர்களின் எண்ணிக்கை
* குடும்பத்தின் மொத்த வருமானம்
* உச்சவரம்புக்கு உட்பட்ட வாடகை

வாடகையின் உச்சவரம்பு ஊருக்கு ஊர் மாறுபடும். இதற்காக நாட்டின் ஊர்கள் வாடகை மட்டத்தின்படி ஏழு படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. வாடகை மிகுந்த மியூனிக் நகரம் ஏழாம் படியில் உள்ளது.

புதிய பெற்றோர்

2007 முதல் பிறந்த குழந்தைகளின் பெற்றோருக்குப் பெற்றோர் உதவித்தொகை (எல்டெர்ன்கெல்ட்) வழங்கப்படுகின்றது. இதன் அடிப்படை வடிவில் மாதம் 300 யூரோ முதல் 1,800 யூரோ வரை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பிடித்தங்கள் போக மாதம் 1,800 யூரோ ஈட்டிய ஒருவர் பணியை முழுமையாக நிறுத்தினால், அதில் 65 விழுக்காடாகிய 1,170 யூரோவைப் பெறுவார். குடும்பத்தின் வருமானம் 630 யூரோ குறைகின்றது.

இந்நிலையில் வாடகை உதவிச் சட்டம் பெற்றோருக்கு இருவகையில் துணைபுரிகின்றது. முதலாவதாக, பெற்றோர் உதவித்தொகையில் 300 யூரோ வரை வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் 870 யூரோ மட்டுமே கணக்கில் சேரும். இரண்டாவதாக, பிறந்த குழந்தையும் ஓர் உறுப்பினராகக் கணக்கிடப்படுவதால் வருமான வரம்பும் வாடகை உச்சவரம்பும் உயர்கின்றன. எனவே முன்னர் தகுதி பெறாத குடும்பமும் குழந்தை பிறந்தபின் தகுதி பெறக்கூடும். ஏற்கனவே உதவி பெறுவோர் தொகையை உயர்த்துமாறு விண்ணப்பிக்கலாம்.

அடிப்படை வாழ்வாதார உதவி பெறுவோருக்கு அதிலேயே வீட்டுச் செலவும் அடங்குவதால், அவர்கள் வாடகை உதவித்தொகை பெற இயலாது.

விண்ணப்பம்

உள்ளூர் நிர்வாகத்தின் வாடகை உதவி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சட்டப்படி குடியிருக்கும் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பொதுவாக, விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே உதவி கணக்கிடப்படும். கடந்துபோன மாதங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே சில சான்றுகள் கைக்கு வராத நிலையிலும் விண்ணப்பத்தை முதலில் அளித்துவிட்டு, சான்றுகளைப் பின்னர் சேர்ப்பது பயனுள்ளதாகும்.

உதவி தானாக வந்து சேர்வதில்லை. 2023 சீர்திருத்தத்தின்போது ஏறத்தாழ 20 இலட்சம் குடும்பங்கள் தகுதி பெறும் என அரசு மதிப்பிட்டது. அவ்வாண்டின் இறுதியில் உதவி பெற்றவை சுமார் 12 இலட்சம் குடும்பங்களே.

இவற்றையும் பார்க்க

* பெற்றோர் விடுப்பு
* குழந்தைப்படி
* சமூகப் பாதுகாப்பு